தரமணிக்குப் பதினான்கு நிமிடம்

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் நான் ஏறும்போது காலை எட்டேகால். மார்கழி பாதி கடந்திருந்தது. அலுவலகக் கூட்டம் நடைமேடை முழுக்க நின்றது. வேளச்சேரி வண்டி வந்ததும் எப்படியோ ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. இயர்போனை மாட்டிக்கொண்டேன். வண்டி அசையும்வரை காத்திருந்து, அசைந்ததும் இசையை ஓடவிட்டேன்.

நிகோலாய் மெட்னர் எழுதிய ‘சொனாட்டா ரெமினிசென்ஸா’. ஞாபகங்களின் சொனாட்டா என்று சொல்லலாம். வாசிப்பவர் மார்க்-ஆந்த்ரே ஹாமலின். மாண்ட்ரியலில் பிறந்தவர்; மெட்னரின் பியானோ சொனாட்டாக்கள் பதினான்கையும் வாசித்து, 1998இல் நான்கு குறுந்தட்டுகளாகக் கொடுத்தவர். அந்தப் பதினான்கில் இது மட்டும் எனக்கு வீட்டுப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் செல்லும் ஒற்றைப் பகுதி. பதினான்கு நிமிடத்துக்குச் சற்று முன்பின்.

தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். சீராக உருளும் சுரங்கள், உரக்கப் பேசாத ஒரு மெட்டு. யாரோ திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை ஒன்றை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசிப்பதுபோல. மந்தைவெளி வந்தது. கிரீன்வேஸ் சாலை வந்தது. அதற்குள் துயரமான முதல் கருப்பொருள் நுழைந்து, வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக இரண்டு பேச்சுகள் ஒரே சமயத்தில் நடக்கத் தொடங்கிவிட்டன. வண்டி அடையாற்றைக் கடந்து கோட்டூர்புரத்தை நெருங்கியபோது தண்ணீர் தகரம்போல் மின்னியது. இன்னும் சற்று நேரத்தில் அந்தத் திண்ணை மெட்டு மறுபடி வந்தது. அதே சுரங்கள். ஆனால் இப்போது நமக்கு நடந்தது தெரியும். அதனால் அதே சுரங்கள் வேறாகக் கேட்கின்றன. பிறகு ஒரு கொந்தளிப்பு, இரண்டு கைகளும் கட்டைகளின் இரு முனைக்கும் ஓடுகிற பெரும் கொந்தளிப்பு. கஸ்தூரிபா நகரும் இந்திரா நகரும் எனக்குத் தெரியாமலே போயின. திருவான்மியூரில் கணினி வேலைக்காரர்கள் மொத்தமாக இறங்கிப் பெட்டி காலியானபோது மெட்டு மூன்றாம் முறை வந்தது. அத்துடன் முடிகிறது. தரமணி நடைமேடையில் நான் கால் வைத்தபோது காதில் சத்தம் இல்லை.

இந்தப் பயணத்தை நான் தொடங்கியது மயிலாப்பூரில் இல்லை, மைசூரில். மூன்று நாள் முன்பு அம்பா விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குளிர்ந்த தரையில் நின்றுகொண்டிருந்தேன். பழைய மர அரண்மனை 1897இல் எரிந்துபோனபின் ஹென்றி இர்வின் கட்டிக்கொடுத்த அரண்மனை இது, 1912இல் முடிந்தது. நம் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சிவப்புக் கல்லில் நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் கைவண்ணம்தான். சுற்றுலா வழிகாட்டிகள் தங்க அம்பாரியைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்றப்படும் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளைப் பற்றியும் கன்னடத்திலும் இந்தியிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே தேடிப் போனது ஒரு பியானோக்காரரை.

அவர் பெயர் ஜெயசாமராஜ உடையார். மைசூரின் கடைசி மகாராஜா. 1919இல் பிறந்தவர். மேடைப் பியானோ கலைஞராக வேண்டும் என்பதுதான் இளவயதில் அவருடைய ஆசை. 1940 மார்ச்சில் தகப்பனார் போனார். ஆகஸ்டில் பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் போனார். இருபத்தோரு வயதில் பட்டம் கட்டினார்கள், மேடை ஆசை அத்துடன் நின்றது. ஆனால் வாசிப்பை அவர் விடவில்லை. 1945இல் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் டிரினிட்டி இசைக்கல்லூரி கௌரவ ஃபெல்லோ ஆக்கியது. இன்று சென்னையில் எத்தனையோ பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் பியானோ வகுப்புக்குப் போய் டிரினிட்டி கிரேடுத் தேர்வு எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது அவர் பட்டத்தை அல்ல. அவர் செய்த ஒரு காரியத்தை.

மெட்னர் 1880 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தவர். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோஃபைவிட ஏழு வயது இளையவர், அவருக்கு உயிர் நண்பர். ரக்மானினோஃப், பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய தம் நான்காம் கான்செர்ட்டோவை மெட்னருக்கு அர்ப்பணித்தார். மெட்னர் தம் இரண்டாம் கான்செர்ட்டோவை ரக்மானினோஃபுக்கு அர்ப்பணித்தார். இருவரும் ரொமாண்டிக் காலத்தின் கடைசி வாரிசுகள். ரக்மானினோஃபை உலகம் தோளில் தூக்கிக்கொண்டது. மெட்னருக்கு அந்தப் பேறு இல்லை. அவர் எழுதியதில் பெரும்பகுதி தனிப் பியானோவுக்கு. முதல் முறை கேட்பவனிடம் எளிதில் பிடி கொடுக்காத எழுத்து. புதுமையாளர்கள் பழைய இலக்கணத்தையெல்லாம் உடைத்துக்கொண்டிருந்த நாளில், இசைக்கென்று மாறாத சட்டங்கள் உண்டு என்று 1935இல் ஒரு புத்தகமே எழுதினார். அதை அச்சிட்டவர் ரக்மானினோஃப். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவை 1921இல் விட்டுக் கிளம்பி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1930களின் நடுவில் லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் குடியேறினார். போர் வந்தது. மாணவர்கள் குறைந்தார்கள். 1942இல் மாரடைப்பு. 1944இல் தம் மூன்றாம் கான்செர்ட்டோவை லண்டனில் தாமே வாசித்தார். அதன்பின் அந்த வீட்டில் கிழவரும் மனைவியும் வறுமையும்தான்.

அந்த நேரத்தில் மைசூரிலிருந்து செய்தி வந்தது. மகாராஜா பணம் தருகிறார்; உங்கள் இசையை நீங்களே வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று. 1947இல் மெட்னர் பதிவுக்கூடத்துக்குப் போனார். வயது 67, இதயம் பழுது. பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் தம் மூன்று கான்செர்ட்டோக்களையும் வாசித்தார். ‘ஸ்காஸ்கி’, அதாவது கதைகள், என்று அவர் பெயரிட்ட சிறு பியானோ உருப்படிகள் பலவற்றை வாசித்தார். 1950இல் எலிசபெத் ஷ்வார்ஸ்காஃப் பாட, தம் பாடல்களுக்குத் தாமே பக்கம் வாசித்தார். மெட்னர் சங்கம் என்ற பெயரில் எச்.எம்.வி. இவற்றை வெளியிட்டது. அந்தக் காலத்து அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அரை மணிக்கு மேல் ஓடும் ஒரு கான்செர்ட்டோவை அத்தனை துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பிழையில்லாமல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒட்டுப் போடும் வசதி கிடையாது. நோயாளிக் கிழவர் அதைச் செய்தார். மூன்றாம் கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கே அர்ப்பணித்தார். 1951 நவம்பரில் இறந்தார்.

மகாராஜா இதோடு நிற்கவில்லை. பில்ஹார்மோனியாவை உருவாக்கிய வால்டர் லெக் 1949இல் மைசூருக்கே வந்து விருந்தாளியாகத் தங்கினார். குழு நிலைத்து நிற்க மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு தர உடையார் ஒப்புக்கொண்டார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ முதன்முதலாக ஒலித்ததே அவர் செலவில்தான். கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வெங்லர் நடத்தினார். உடையார் போக முடியவில்லை. கச்சேரியைத் தட்டில் பதிந்து கப்பலில் மைசூருக்கு அனுப்பினார்கள். அந்தப் பாடல்கள் இல்லாத ஒரு கச்சேரி உலகத்தை இன்று ஐரோப்பாவில் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

மைசூரிலிருந்து சென்னைக்கு மதிய வண்டியில் திரும்பினேன். மாண்டியாவில் ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, காலடியில் உறை போட்ட மிருதங்கம். பெங்களூர் தாண்டும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் மெட்னரின் ‘இரவுக் காற்று’ சொனாட்டாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரக்மானினோஃபுக்கு அர்ப்பணித்தது, அரை மணிக்கு மேல் நிற்காமல் ஓடுவது, ரஷ்யக் கவிஞர் த்யூச்சேவின் கவிதையைத் தலைப்பில் தாங்கியது. பதினான்கில் மிகப் பெரியதும் மிகக் கடினமானதும் இதுதான். இதன் ஒரு நீண்ட பகுதி விசித்திரமான கணக்கில் செல்கிறது. ஒரு ஆவர்த்தத்தில் பதினைந்து. ஐந்து எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. மேல்நாட்டுக் காதுக்கு இது காலுக்கடியில் நழுவும் தரை. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய வீடு. ஒரு தட்டு, நான்கு விரல். உள்ளே தகிட, தகிட. என்னை அறியாமல் தொடையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தம்பி, கண்ட ஏகமா போடறீங்க? திஸ்ர நடையில?”

இயர்போனைக் கழற்றினேன். “ஆமாங்க ஐயா. ஆனா பாட்டு நம்மளுது இல்ல. பியானோ.”

“பியானோவா? கொடுங்க பாப்போம்.”

ஒரு காதில் அவர், ஒரு காதில் நான். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டத் தொடங்கினார். இரண்டாம் ஆவர்த்தத்திலேயே சமத்தைப் பிடித்துவிட்டார். சுரங்கள் அலையலையாகப் புரளும் இடத்தில், மேலே ஒரு மெட்டு தனியாகப் போய்க்கொண்டிருக்க, அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு திரும்பவும் சேர்ந்துகொண்டது. ஹாமலின் அந்த இடத்தில் காலப்பிரமாணத்தை இழுக்கவில்லை, ஓடவும் விடவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்துப் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“இவ்வளவு கூட்டத்துக்குள்ள கணக்கு அசையல பாருங்க. ரெண்டு கைதானே?”

“ரெண்டே கைதான் ஐயா.”

“ராட்சசன்,” என்றார். மிருதங்கக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் எத்தகைய மரியாதை என்பது கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும்.

இதை எழுதியவர் யார், இது எப்படி எனக்குத் தெரிய வந்தது என்று கேட்டார். மைசூர் மகாராஜா செய்த உதவியைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த மகாராஜா? ஸ்ரீவித்யா முத்திரையா?” என்றார். ஜெயசாமராஜ உடையார் 94 கீர்த்தனைகள் செய்தவர், ‘ஸ்ரீவித்யா’ என்பது அவருடைய முத்திரை. அடாணாவில் ‘ஸ்ரீ மகாகணபதிம்’, கம்பீர நாட்டையில் ‘ஸ்ரீ ஜாலந்தர’ இரண்டும் இன்றும் மேடையில் கேட்கக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறார் பெரியவர். அந்த வாக்கேயக்காரர் பியானோ வாசித்தவர் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியும். நானோ ஸ்ட்ராஸுக்கும் மெட்னருக்கும் பணம் கொடுத்தவர் என்று அவரைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்து, கீர்த்தனைகள் பக்கம் தாமதமாக வந்தவன். ஒரே மனிதரை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். ஜோலார்பேட்டை வருவதற்குள் அவர் அடாணாவை மெல்லிய குரலில் பல்லவி, அனுபல்லவி என்று பாடிக் காட்டினார். நான் ரெமினிசென்ஸாவைக் கேட்க வைத்தேன். காட்பாடியில் காபி வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை.

தரமணியில் எனக்கு வேலை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, பாலிடெக்னிக் வளாகத்தின் பக்கம் இறங்கி நடந்தால் சத்தம் படிப்படியாகக் குறையும். ராஜீவ் காந்தி சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலைத் திருப்பி அடிக்க, ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்தால் மர நிழல், ஆய்வு நிறுவனங்களின் தாழ்ந்த மதில்கள், பிலிம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும் பையன்கள், டீக்கடை பெஞ்சில் இதழியல் படிக்கும் பெண்கள். தரமணி என்றால் ஐ.டி. என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கணிதம், வேளாண்மை, சினிமா, பத்திரிகை, பழைய தமிழ் நூல்கள் இத்தனையும் ஒரு நடைதூரத்துக்குள் இருக்கும் ஊர் இது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் இந்த நூலகத்தின் வேர். அவர் காகிதத்தைக் காப்பாற்றினார். உடையார் ஒரு கிழவரின் விரல்களை அரக்குத் தட்டில் காப்பாற்றினார். இருவரையும் இப்படி அருகருகே வைக்க எனக்குத் தயக்கமில்லை. நம் பக்கத்தில் இசைக்கும் எழுத்துக்கும் நடந்த நல்ல காரியங்கள் பலவும் இப்படி ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் நடந்தவை.

மாலை நான்கரைக்கு நூலக வேலை முடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். வடக்கே ஐ.ஐ.டி.யின் தரமணி வாசல். அதற்கு அப்பால் காடு. ஆலமரங்கள், புள்ளிமான், வெளிமான். அந்தக் காட்டின் மறுகோடியில் ஆளுநர் மாளிகை. 1959இல் ஐ.ஐ.டி. எழுந்ததும் பின்னால் கிண்டி தேசியப் பூங்கா ஆனதும் எல்லாம் ஆளுநர் தோட்டத்திலிருந்து பிரித்த நிலம். அந்த மாளிகையில்தான் 1964 மே முதல் 1966 ஜூன் வரை சென்னை மாநில ஆளுநராக ஜெயசாமராஜ உடையார் வாழ்ந்தார்.  இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதல் தலைவர் அவர். மாளிகை வாசலிலேயே மான்கள் திரியும் இடம் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

மதிலை ஒட்டி நின்று மெட்னரே வாசித்த மூன்றாம் கான்செர்ட்டோவைப் போட்டேன். 1947ஆம் ஆண்டுப் பதிவு. பொரியும் ஓசை பின்னால் இருந்தது. அவர் வாசிப்பில் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது அந்தச் சிக்கனம். பெடலைக் காலால் அழுத்திப் பிடித்து எல்லாச் சுரத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது ரொமாண்டிக் இசையில் பலர் செய்வது. மெட்னர் செய்வதில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கிறது. அழுகை வரும் இடத்தில் அவர் நடையைத் தளர்த்துவதில்லை, கேட்பவனிடம் கெஞ்சுவதில்லை. நோயோடு உட்கார்ந்து வாசித்தவர் என்று தெரிந்த பிறகும் அதில் ஒரு தளர்ச்சி கேட்காது.

இந்தச் சிக்கனத்தைக் கேட்டபிறகுதான் ஹாமலினின் பெருமை எனக்கு முழுசாகப் புரிந்தது. ஹாமலினின் வேகத்தைப் புகழாதவர்கள் இல்லை. யாரும் தொடத் தயங்கும் கடினமான எழுத்தையெல்லாம் அவர் வாசிப்பார் என்பது உண்மை. மெட்னரிடம் அவர் காட்டுவது வேகம் அல்ல. ஒரு சின்ன உதாரணம். பியானோவில் ஒரு சுரத்தை அடித்தால் அது அந்த நொடியிலிருந்து தேயத் தொடங்கிவிடும். கமகம் கிடையாது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. கட்டை கட்டையாகத்தான் போக வேண்டும். அப்படியிருக்க மெட்டு எப்படிப் பாடும்? ஐந்து விரலும் ஒரே நேரத்தில் ஐந்து கட்டையில் இறங்கும்போது, மெட்டு இருக்கும் விரலில் மட்டும் ஒரு இம்மி பாரம் கூட வேண்டும். பெரும்பாலும் அது சுண்டுவிரல், இருப்பதிலேயே நோஞ்சான் விரல். மற்ற நான்கும் வழிவிட வேண்டும். மெட்னரில் இன்னும் சிக்கல்: மெட்டு சில சமயம் கட்டைவிரலுக்குப் போய்விடும், சில சமயம் இடது கையின் நடுவிரலுக்கு. ரெமினிசென்ஸாவின் கொந்தளிப்பில், மேலே புயல் அடிக்கும்போது, உள்ளே நடுக்குரலில் முதல் கருப்பொருளின் ஒரு துண்டு ஒலிக்கிறது. பலமுறை கேட்டும் அதை நான் கவனித்ததில்லை. ஹாமலின் வாசிப்பில் அது தானே வந்து காதில் விழுந்தது. அடித்துச் சொல்லவில்லை அவர். மற்ற விரல்களை ஒதுங்கவைத்தார்.

பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் வாசித்த ரெமினிசென்ஸாவும் பதிவில் இருக்கிறது. அந்தத் திண்ணை மெட்டை கிலெல்ஸ் தொடங்கும்போதே இழப்பு முழுவதும் தெரிந்துவிடுகிறது; முதல் சுரத்திலேயே தொண்டை அடைக்கிறது. ரஷ்யாவை விட்டுப் போகுமுன், பசியும் குளிருமான புரட்சிக் காலத்தில் மெட்னர் எழுதிய இசை என்பதை கிலெல்ஸின் கை மறக்கவே விடாது. அது பெரிய வாசிப்பு. ஆனால் என் ஓட்டு ஹாமலினுக்கு. ஹாமலின் முதல் முறை அந்த மெட்டை வெறுமையாக, கிட்டத்தட்டக் குழந்தைத்தனமாக வாசிக்கிறார். இரண்டாம் முறை சற்றே பின்வாங்கி, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. மூன்றாம் முறை வரும்போது ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கனத்தை நாம் ஏற்றிக்கொள்கிறோம். நம் நிரவலில் நடப்பது இதற்குப் பக்கத்தில் வரும். ஒரே வரி, சொல்லும் தாள இடமும் மாறுவதில்லை. பாடகர் திரும்பத் திரும்பப் பாடப்பாட அந்த வரிக்குள் இல்லாத அறையெல்லாம் திறந்துகொள்ளும். மெட்னர் இந்த மெட்டை அத்தோடு விடவில்லை. ‘மறந்த மெட்டுகள்’ என்ற தொகுப்பில் ரெமினிசென்ஸா முதல் உருப்படி. அதே தொகுப்பின் ஆறாவது உருப்படியில் அந்த மெட்டு எட்டிப் பார்க்கிறது. எட்டாவது, கடைசி உருப்படிக்குப் பெயரே ‘ஞாபகம்போல’. ஹாமலின் தொகுப்பில் அவற்றையும் சேர்த்திருக்கிறார். வரிசையாக எட்டையும் கேட்டு முடிக்கும்போதுதான் அந்தத் திண்ணைக் கதை முடிகிறது.

இருட்டும் நேரத்தில் தரமணி நிலையத்துக்குத் திரும்பினேன். நடைமேடையிலிருந்து பார்த்தால் திருவான்மியூர்ப் பக்கம் விளக்குகள். அந்தப் பக்கம்தான் இன்று கலாக்ஷேத்திரம் இருக்கிறது. உடையாருக்குக் கீர்த்தனை செய்யும் வித்தையில் துணைநின்ற மைசூர் வாசுதேவாச்சாரியார், தம் கடைசிக் காலத்தில் ருக்மிணி தேவியின் அழைப்பில் கலாக்ஷேத்திரத்துக்கு வந்து, ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தவர். 1961இல் அவர் மறைந்தார். மூன்றே ஆண்டில் சிஷ்யர் கிண்டி மாளிகைக்கு வந்து சேர்ந்தார். மைசூர் அரண்மனையின் இசை அறை ஒன்று நகர்ந்து வந்து இந்த நாலைந்து மைலுக்குள் தங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்கழியில் சென்னையில் கச்சேரிக்குக் குறைவில்லை. உடையாரின் கீர்த்தனையை யாராவது எங்காவது பாடிக்கொண்டுதான் இருப்பார்கள். சபாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மாலை, முதல் பாதியில் உடையாரின் கீர்த்தனைகள், இரண்டாம் பாதியில் மெட்னரின் ஒரு சொனாட்டா என்று வையுங்கள். பியானோ வாசிக்கும் இளைஞர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். மெட்னருக்கு உழைக்கவும் அவர்களால் முடியும். கேட்க ஆள் வருமா என்ற கவலை வேண்டாம். மாண்டியாவில் ஏறிய அந்தப் பெரியவர் ஏழெட்டு நிமிடத்தில் எனக்கு அதைக் காட்டிவிட்டார்.

வாசகர்களுக்கும் ஒன்று. ஹாமலினின் மெட்னர் தொகுப்பு இப்போது இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. ‘இரவுக் காற்றில்’ தொடங்க வேண்டாம், அது பிறகு. முதலில் ரெமினிசென்ஸா. கைபேசியைப் பார்க்காமல், இன்னொரு வேலை செய்யாமல், ஜன்னலோரமாக உட்கார்ந்து கேளுங்கள். திருமயிலையில் வண்டி நகரும்போது தொடங்கினால், தரமணி வருவதற்குள் முடிந்துவிடும்.